பல்லு டாக்டரும் பின்சக்கரங்களும்

என் அண்ணியைத் தேடி ஒருமுறை ஒருவர் கன்னம் வீங்கிப்போய் வந்து நின்றார். பேருந்துப் பணிமனையில் எல்லோரும் அவளைப் 'பல்லு டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அதை யார் வாயிலோ கேட்டுவிட்டு, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள மேட்டின் மேலே இருக்கிற அவள் வீட்டுக்கே ஏறி வந்துவிட்டார் பாவம். அண்ணி கையெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தாள். "நான் பார்க்குறது கியர் பல்லுங்க. உங்க பல்லைப் புடுங்கணும்னா எங்கிட்ட பெரிய ஸ்பேனர்தான் இருக்கு, பரவாயில்லையா?" என்றாள். மனுஷர் வலியையும் மறந்து இறங்கி ஓடினார்.

பேருந்துகளின் கியர்பாக்ஸையும் சக்கரங்களைச் சுழற்றுகிற ஆக்சிலையும் பிரித்துப் பூட்டுவது அவள் வேலை. ஒரு நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற கியர்பாக்ஸின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பாள். "மூணாவது கியர்ல ஒரு பல்லு உடைஞ்சிருக்கு, பிரிங்க" என்பாள். பிரித்தால் உடைந்திருக்கும். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். அவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். எனக்கு எதையும் சுற்றி வளைக்காமல் சொல்லத் தெரியாது என்று என் அண்ணன் சொல்வான். அவன் கிடக்கிறான்.

அண்ணன் முதலில் மின்கம்பம் ஏறுகிற வேலையில் இருந்தான். ஒரு கம்பம் அடியில் துருப்பிடித்து இருந்திருக்கிறது. அது அவனோடு சேர்ந்து சாய்ந்தது. இடுப்புக்குக் கீழே அத்தோடு போயிற்று. சக்கர நாற்காலிக்குப் பழகிய பிறகு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை கிடைத்தது. யாராவது அலறிக்கொண்டு போன் செய்தால், "பதறாதீங்க, எந்தத் தெரு, மெதுவா சொல்லுங்க" என்று கேட்டு வண்டியை அனுப்புவான். போனில் அத்தனை நிதானம். வீட்டில் சட்டைப் பொத்தான் ஒன்று காணாமல் போனால் கூரை பறக்கும்.

வேலைக்குப் போய்வர ஒரு பழைய சின்னக் கார் வாங்கினான். கியர் தானாக மாறுகிற வண்டி. காலால் மிதிக்க வேண்டிய பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கையால் இயக்க ஒரு லீவர் வேண்டும். யார் செய்து தருவார்கள் என்று விசாரித்துக்கொண்டு பணிமனைக்குப் போனான். அங்கே இருந்தாள் பல்லு டாக்டர். லீவர் வைக்கப் போனவன் கல்யாணத்தை முடிவு பண்ணிக்கொண்டு வந்தான். "என்னடா இது?" என்று கேட்டேன். "அவ லீவரை மூணு தடவை கழட்டி மாட்டினா. ஒவ்வொரு தடவையும் என் கையை அளந்தா" என்றான். வெட்கமே கிடையாது.

அந்தக் காரில் அவன் ஏறுவதைப் பார்க்க வேண்டும். நாற்காலியைக் கதவோரம் நிறுத்தி, ஒரு வழுவழுப்பான பலகையை நாற்காலிக்கும் சீட்டுக்கும் நடுவே போட்டு, கையை ஊன்றிச் சறுக்கி உள்ளே போவான். கால்களைத் தூக்கி உள்ளே வைப்பான். பிறகு நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றிப் பின்னால் போட்டு, சட்டத்தைப் பக்கத்து சீட்டில் இழுத்து வைத்துக் கதவைச் சாத்துவான். யார் கையும் வேண்டாம். யாராவது உதவிக்கு வந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

தொல்லை காரில் இல்லை, எங்கள் மேட்டில் இருந்தது. மேட்டின் உச்சியில் அண்ணன் வீடு. பாதி வழியில் ஒரு வளைவு. அந்த வளைவில் என் தையல் கடை, எதிரே முடி வெட்டுகிறவரின் கடை. வளைவு வரைக்கும் தார் போட்டிருக்கிறார்கள், அதற்கு மேல் களிமண். சிமெண்ட் போடப்போகிறோம் என்று நகராட்சியிலிருந்து ஆள் வந்து எத்தனை தடவை அளந்திருப்பார்கள் தெரியுமா? அவர்கள் அளந்த அளவுக்குத் துணி எடுத்திருந்தால் அந்த மேட்டுக்கே நான் சட்டை தைத்துப் போட்டிருப்பேன்.

காய்ந்த நாளில் கார் ஏறிவிடும். மழை பெய்தால் வளைவு தாண்டியதும் முன்சக்கரம் இரண்டும் இருந்த இடத்திலேயே சுற்றும், சேறு வாரி இறைக்கும், வண்டி நின்றுவிடும். நான் தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். முடி வெட்டுகிறவர் கையில் சாக்கோடு ஓடிவருவார், பின்னாலேயே அவரிடம் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர் கன்னத்தில் நுரையோடு வருவார். சக்கரத்துக்கு அடியில் சாக்கைப் போட்டு, எல்லோரும் முதுகைக் கொடுத்துத் தள்ளுவோம். அண்ணன் உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். மேலே சேர்ந்ததும் கண்ணாடியை இறக்கி ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்வான். அந்த நன்றியைச் சொல்லும்போது அவன் முகத்தை நான் பார்க்கமாட்டேன். எனக்குத் தாங்காது.

போன மழைக்காலத்தில் தினமும் இதே கூத்து. மழைக்காலம் முடிகிற சமயம் ஒருநாள் தள்ளிக்கொண்டிருந்தபோது முடி வெட்டுகிறவர் சறுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகிவிட்டது. கத்திரி பிடிக்கிற கை. கட்டுப் போட்டுக்கொண்டு கடையை மூடிவைத்தார். அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அண்ணன் அன்றைக்கே கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து சொல்லிவிட்டான்: அடுத்த மழைக்காலம் ஆரம்பிக்கிற வரைக்கும் வேலைக்கு வருவான், அதற்குப் பிறகு அவன் சீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். எங்களிடம், "வீட்டோட இருந்துடறேன். எனக்காக யாரும் சேத்துல விழ வேண்டாம்" என்றான். நான் கத்தினேன், கெஞ்சினேன். அவன் டி.வி. சத்தத்தைக் கூட்டினான்.

அண்ணி கத்தவில்லை. அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் இன்னொன்றும் நடந்திருந்தது. ஒரு மழையில் அண்ணன் வீம்புக்கு மேட்டைப் பின்னோக்கி ஏறிப் பார்த்தான். ரிவர்ஸில், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. வண்டி தார் தாண்டிக் களிமண்ணிலும் கிடுகிடுவென ஏறியது. உச்சிக்கே போயிருக்கும், வளைவுக்கு மேலே நட்டிருந்த பாழாய்ப்போன என் கடைப் பலகை குறுக்கே வராமல் இருந்திருந்தால். 'லேடீஸ் டைலர்' என்பதில் 'டைலர்' மட்டும்தான் மிஞ்சியது. நான் அவனைத் திட்டித் தீர்த்தேன். அண்ணி பலகையைப் பார்க்கவே இல்லை. சேற்றில் குந்தி உட்கார்ந்து சக்கரத் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரிவர்ஸ்ல ஏறுது பாத்தியாடி?" என்றாள் என்னிடம்.

"என் பலகை போச்சு அண்ணி, அதைப் பாருங்க முதல்ல!"

"பலகை கிடக்கட்டும். மேட்டுல ஏறும்போது வண்டியோட கனமெல்லாம் பள்ளத்துப் பக்கம் சாயும். நேரா ஏறினா கனம் பின்சக்கரத்துல, ஆனா இழுக்குறது முன்சக்கரம். அது தரையில அழுந்தவே மாட்டேங்குது, அப்புறம் எங்க இழுக்கும்? ரிவர்ஸ்ல வந்தா இழுக்குற சக்கரம் பள்ளத்துப் பக்கம் வந்துடுது. கனமும் அங்கேயே இருக்கு. ஏறிடுது."

"அதுக்கு அவனை தினமும் ரிவர்ஸ்லயே வரச் சொல்லப் போறீங்களா?"

"இல்லடி. பின்சக்கரத்தையும் இழுக்க வைக்கப் போறேன்."

நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் ஒன்று வாங்கிவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். அதை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். ஜீப்பின் சீட்டு அண்ணன் நாற்காலியைவிட எவ்வளவோ உயரம். பலகை போட்டால் செங்குத்தாக நிற்கும். ஒவ்வொரு தடவையும் யாராவது அவனைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். "தள்ளுறதுக்குப் பதிலா தூக்குறது. அவருக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். நான் ஜீப் பேச்சை அத்தோடு விட்டேன். இது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை.

மழை ஓய்ந்ததும் மேட்டுக்குக் கீழே பழைய இரும்புக்காரரின் கொட்டகையில் வேலை ஆரம்பித்தது. அங்கே ஆள் இறங்கி நின்று வேலை பார்க்கக் குழி இருந்தது, கனமானதைத் தூக்கச் சங்கிலிக் கப்பி இருந்தது. அண்ணி தன் விடுமுறை நாளெல்லாம் அங்கேயே கிடந்தாள். அண்ணனை ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்டார்கள். நோயில்லாமல் தினமும் ஆம்புலன்ஸில் போன ஒரே ஆள் அவனாகத்தான் இருப்பான். இரண்டு பேர் அவனைத் தூக்கி ஏற்றுவார்கள். அவன் கண்ணை மூடிக்கொள்வான்.

கொட்டகைக்கு நான் சோறு கொண்டுபோவேன். முதல் நாள் போனபோதே பார்த்தேன். காரின் வயிற்றைக் கிழித்துப் போட்டிருந்தாள். எஞ்சினும் கியரும் முன்னால். அங்கிருந்து பின்சக்கரத்துக்குச் சக்தி போக வேண்டும் என்றால் நடுவே நீளமாக ஒரு சுழல்தண்டு ஓட வேண்டும். அது ஓட இடமே இல்லாத வண்டி. தரைத் தகட்டை நீளவாக்கில் வெட்டி, கவிழ்த்துப் போட்ட வாய்க்கால் மாதிரி ஒரு கூடு செய்து பற்றவைத்தாள். பெட்ரோல் டேங்க் வழியில் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, ஸ்டெப்னி இருந்த குழியில் சின்ன டேங்க் ஒன்றைப் பொருத்தினாள். ஸ்டெப்னி பின் கதவுக்குப் போனது. விபத்தில் நசுங்கிய ஒரு காரிலிருந்து, சக்தியைப் பின்பக்கம் பிரித்து அனுப்புகிற பெட்டியைக் கழற்றி எடுத்து முன்பக்கம் பூட்டினாள். பின் ஆக்சில் அதிலிருந்து கிடைக்கவில்லை, அது நொறுங்கிப்போயிருந்தது. அதனால் வேறொரு சரக்கு வேனின் ஆக்சிலை எடுத்தாள். முன்பக்கப் பல்லும் பின்பக்கப் பல்லும் ஒரே கணக்கில் இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் முன்சக்கரம் ஒரு வேகத்திலும் பின்சக்கரம் ஒரு வேகத்திலும் சுற்றி, நடுவில் இருக்கிறது முறுக்கிக்கொண்டு உடையுமாம். அதற்காக அந்த இரும்புக் குவியலில் எத்தனை ஆக்சிலைப் பிரித்துப் பல் எண்ணினாள் என்று எனக்குத் தெரியாது.

வண்டியை இப்படி மாற்றினால் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். பாதி வேலையிலேயே அங்கிருந்த இன்ஜினியர் அம்மாவை அண்ணி கூட்டிவந்து காட்டினாள். அந்த அம்மா குழிக்குள் இறங்கி வெகுநேரம் பார்த்தார். "இந்தச் சுத்துற ஷாஃப்ட் கழண்டு விழுந்தா தரையில குத்தி வண்டியையே தூக்கிடும். ரெண்டு இடத்துல இரும்பு வளையம் வச்சுத் தாங்கிக்கோங்க" என்றார். "அட, ஆமாங்க மேடம்!" என்று அண்ணி உடனே சாக்பீஸால் குறித்துக்கொண்டாள்.

பின்சக்கரங்கள் எப்போதும் இழுக்க வேண்டியதில்லை. காய்ந்த ரோட்டில் திரும்பும்போது அது வண்டியைப் பிடித்து இழுக்கும். மேட்டுக்கு மட்டும் சேர்க்க ஒரு கைப்பிடி வேண்டும். அண்ணனுக்கோ ஒரு கை ஸ்டீயரிங்கில், ஒரு கை லீவரில். மூன்றாவது கைக்கு எங்கே போவது? கடைசியில், மேட்டின் அடியில் வண்டியை நிறுத்திவிட்டுச் சேர்த்துக்கொள்ளட்டும் என்று முடிவானது. கைப்பிடிக்கு என் வீட்டு மரக்கரண்டியின் காம்பை அறுத்துப் பொருத்திவிட்டாள், என்னைக் கேட்காமலே. கரண்டியைத் தேடி நான் வீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்த அன்று கொட்டகையில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். முடி வெட்டுகிறவர் மணிக்கட்டு ஆறி வந்திருந்தார். இரும்புக்காரர் எல்லோருக்கும் டீ வாங்கி வைத்திருந்தார். நாலு சக்கரமும் தரையில் படாதபடி வண்டியைத் தாங்கிகளின் மேல் நிறுத்தியிருந்தார்கள். அண்ணன் உள்ளே உட்கார்ந்திருந்தான். தாங்கியில் ஏற்றுவதற்கு முன்பே அவனாகவே சறுக்கி ஏறியிருந்தான்.

"சேருங்க" என்றாள் அண்ணி, அடியில் குழிக்குள் நின்றபடி.

அவன் கரண்டிக் காம்பை இழுத்து, கை லீவரை மெல்ல அழுத்தினான். முன்சக்கரம் சுற்றியது. பின்சக்கரமும் சுற்றியது! நான் கைதட்டிவிட்டேன். கைதட்டி முடிப்பதற்குள் முடி வெட்டுகிறவர், "டாக்டரம்மா, இது... இப்படித்தானா?" என்று இழுத்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். முன்சக்கரங்கள் முன்னால் போக, பின்சக்கரங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. ஒரே வண்டியில்!

இரும்புக்காரர் சிரித்துவிட்டார். பாவம், அடக்கத்தான் பார்த்தார், டீ மூக்கில் ஏறிவிட்டது. அண்ணி சிரிக்கவில்லை. குழிக்குள் இருந்தபடியே சுழல்தண்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பஸ்ஸுல எல்லா ஷாஃப்ட்டும் ஒரே பக்கம்தான் சுத்தும்" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. "இத்தனை வருஷத்துல இது எந்தப் பக்கம் சுத்துதுன்னு ஒரு நாள் நான் பார்த்ததில்ல. பார்க்க வேண்டிய அவசியமே வரல. பல்லை எண்ணினேன், நீளத்தை அளந்தேன், எல்லாம் பண்ணினேன். அந்தக் காரோட பெட்டி ஒரு பக்கம் சுத்துது, இந்த வேனோட ஆக்சில் எதிர்ப்பக்கத்துக்குன்னு செஞ்சது. முட்டாள், முட்டாள்."

அண்ணன் எஞ்சினை அணைத்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் சிரித்தான். "எனக்கும் இப்படித்தானே இருக்கு? மேல் பாதி போலாம்ங்குது, கீழ் பாதி வரமாட்டேங்குது. விட்டுடும்மா. போதும். நீ நிறைய பண்ணிட்ட."

அவன் கத்தியிருந்தால்கூட எனக்கு அத்தனை வலித்திருக்காது. வெளியே அன்றைக்கே காற்று மாறியிருந்தது, ஈர வாசனை. மழைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

அண்ணி குழியிலிருந்து ஏறி வந்து அவன் கதவருகே நின்றாள். "விடறதா? ஏங்க, நான் உங்களை விடச் சொன்னேனா? வாயை மூடிட்டு இறங்குங்க. எனக்கு வண்டி வேணும்."

அடுத்த விடுமுறைக்கு நான் சோறு கொண்டுபோனபோது அந்த ஆக்சில் கழற்றப்பட்டுச் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. எதை மாற்றப்போகிறாள், வேறு ஆக்சில் தேடப்போகிறாளா என்று கேட்டேன். "எதையும் மாத்தல. இதையே தலைகீழா போடப்போறேன்" என்றாள். நான் கேலி என்று நினைத்தேன். அவள் என் கையிலிருந்த டிபன் கேரியரை வாங்கிக் கவிழ்த்துக் காட்டப் பார்த்தாள், நான் விடவில்லை, உள்ளே குழம்பு இருந்தது. பிறகு தன் கையையே நீட்டிக் காட்டினாள். ஆக்சிலின் நடுவில் ஒரு பெரிய பல்சக்கரம், அதை ஒரு பக்கமாக உட்கார்ந்து சுழற்றுகிற சின்னப் பல்சக்கரம். ஆக்சிலைப் புரட்டினால் பெரிய சக்கரம் மறுபக்கம் வந்துவிடும். அதே தண்டு, அதே பக்கம்தான் சுற்றும். ஆனால் வண்டியின் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா புரட்டினதுக்கப்புறம் எல்லாமே மேல கீழ மாறிடும். எண்ணெய் ஊத்துற வாய் அடியில வந்துடும், மூச்சுவிடுற துளை எண்ணெய்க்குள்ள முங்கிடும், ஸ்பிரிங் உட்கார்ற இடம் வானத்தைப் பார்க்கும். எல்லாத்தையும் அந்தப் பக்கம் அடைச்சு இந்தப் பக்கம் புதுசா வைக்கணும். பல்லோட முதுகுப் பக்கம்தான் இனிமே வேலை செய்யும். சின்ன வண்டிதானே, தாங்கும்."

அவள் அப்படித்தான் செய்தாள். பழைய துளைகளை அடைத்தாள், புதியவற்றைக் குடைந்தாள், ஸ்பிரிங் இருக்கைகளை வெட்டி எடுத்து மறுபக்கம் பற்றவைத்தாள், பிரேக் குழாய்களைப் புதிதாக வளைத்தாள். எதையோ சேர்த்தால்தான் தப்பு சரியாகும் என்று நான் நினைத்திருந்தேன். இவள் ஒன்றும் சேர்க்கவில்லை. இருந்ததையே கவிழ்த்துப் போட்டாள். தாங்கிகளின் மேல் மறுபடியும் ஓட்டிப் பார்த்த அன்று நாலு சக்கரமும் ஒரே பக்கம் சுற்றின. நான் குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். என் தலைக்கு மேலே அந்தத் தண்டு அமைதியாக, ஆட்டமே இல்லாமல் சுழன்றுகொண்டிருந்தது. அதன் முனையில் அந்தத் தலைகீழ் இரும்பு, தலைகீழாக இருப்பது தனக்கே தெரியாத மாதிரி, இரண்டு சக்கரத்தையும் முன்னோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஊசியில் நூல் கோத்து வயிறு வளர்க்கிறவள் நான், எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? ஆனால் ஒரு மனுஷியின் தலைக்குள் இப்படி ஒன்று தோன்றி, அது இரும்பில் அப்படியே நடக்கிறது என்றால், கும்பிடத்தான் தோன்றியது. கும்பிட்டும்விட்டேன். "ச்சீ, எழுந்திரிடி, எண்ணெய் சொட்டுது" என்றாள்.

இன்ஜினியர் அம்மா வந்து பார்த்து ஒப்புதல் கொடுத்தார். காய்ந்த மேட்டில் வண்டி முன்பு போலவே ஏறியது. அண்ணன் மட்டும் நம்பவில்லை. "காஞ்ச மண்ணுல எதுதான் ஏறாது? மழை வரட்டும்" என்றான். கட்டுப்பாட்டு அறையில் சொன்னதை அவன் திரும்பப் பெறவில்லை. முதல் மழை பெய்கிற நாள்தான் அவனுக்குக் கடைசி நாள். தினமும் காலையில் நான் வானத்தைப் பார்த்து முறைத்தேன்.

மழை ஒரு பிற்பகலில் வந்தது. சும்மா வரவில்லை, கொட்டியது. என் கடைக்கு முன்னால் செந்நிறத் தண்ணீர் ஓடியது. அண்ணனின் வேலை முடிகிற நேரம். எதிர்க் கடையில் முடி வெட்டுகிறவர் சவரக் கத்தியை வைத்துவிட்டுச் சாக்குகளை எடுத்து வாசலில் போட்டார். நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றேன். பழக்க தோஷம்.

கார் மேட்டின் அடியில் வந்து நின்றது. கொஞ்ச நேரம் அசையவில்லை. கரண்டிக் காம்பை இழுக்கிறான் என்று எனக்குத் தெரியும். பிறகு ஏறத் தொடங்கியது. சத்தம் வேறு மாதிரி இருந்தது, அடியிலிருந்து ஒரு சன்னமான ரீங்காரம். தார் முடிந்தது. களிமண் ஆரம்பித்தது. முன்சக்கரம் கொஞ்சம் சறுக்கியது. பின்பக்கம் அழுந்தியது. அழுந்தி, தள்ளியது. வண்டி வளைவைத் தாண்டி, எங்கள் இரண்டு கடைகளுக்கும் சற்று மேலே, எப்போதும் மாட்டிக்கொள்கிற அதே இடத்தில், நின்றுவிட்டது.

"ஐயோ!" என்று நான் ஓடினேன். முடி வெட்டுகிறவர் சாக்கோடு ஓடிவந்தார். அவர் பின்னாலேயே கன்னம் முழுக்க நுரையோடு ஒரு ஆள். மூன்று பேரும் பின்பக்கம் போய் முதுகைக் கொடுத்தோம். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது எனக்கு. இத்தனை பாடும் வீணா?

கண்ணாடி இறங்கியது. அண்ணன் தலையை வெளியே நீட்டினான், மழையில் முடி நனைந்தது.

"யாரும் தொடாதீங்க!" என்றான். "மாட்டிக்கல. நான்தான் நிறுத்தியிருக்கேன்."

நாங்கள் விலகினோம். வண்டி பின்னால் ஒரு அங்குலம்கூட உருளவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சேற்றில், அந்த ஏற்றத்தில், அவன் இஷ்டத்துக்கு நிறுத்தியிருந்தான்.

"இங்க எதுக்குண்ணா நிறுத்தின? உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினேன்.

"உங்களை ஏத்திக்கத்தான். எத்தனை தடவை தள்ளியிருக்கீங்க, ஒரு தடவையாவது ஏறினதுண்டா? ஏறுங்க எல்லாரும்."

நான் நாற்காலிச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தேன். முடி வெட்டுகிறவர் சாக்குகளோடு பின்னால் ஏறினார். நுரைக்காரர் தயங்கினார். "நீங்களும்தான்" என்றான் அண்ணன். ஏறினார். சீட்டெல்லாம் சேறு. அண்ணன் கை லீவரை அழுத்தினான். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நாலு சக்கரமும் ஒன்றாகப் பிடித்தன. நின்ற இடத்திலிருந்து, அந்த வழுக்கலில், நாலு பேரைச் சுமந்துகொண்டு வண்டி மெல்ல, நிதானமாக ஏறியது. பின்னால் முடி வெட்டுகிறவர், "அடேயப்பா... அடேயப்பா..." என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

உச்சியில் அண்ணி குடை இல்லாமல், செருப்பு இல்லாமல் எதிரே ஓடிவந்துகொண்டிருந்தாள். மேலிருந்தே காதால் பின்தொடர்ந்திருக்கிறாள். நடுவில் சத்தம் மாறி நின்றதும் எல்லாம் போச்சு என்று நினைத்து இறங்கி ஓடிவந்திருக்கிறாள். வண்டியைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"எங்க மாட்டுச்சு? எது கழண்டுச்சு?"

"எங்கேயும் மாட்டலம்மா. நானாதான் நிறுத்தினேன்" என்றான் அண்ணன்.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். என்னை, முடி வெட்டுகிறவரை, நுரையை. "மேட்டுல நிறுத்தி நாலு பேரோடயா ஏறினீங்க? ஸ்பிரிங்கு புதுசா பத்தவச்சிருக்கு, ஞாபகம் இருக்கா உங்களுக்கு?" என்று திட்டத் தொடங்கியவளால் முடிக்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியின் பின்னால் போய்ச் சேற்றில் குந்தினாள். ஆக்சிலின் நடுவில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை.

அண்ணன் போனை எடுத்துக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டான். போனில் பேசுகிற அந்த நிதானமான குரல்தான்.

"நான்தான் பேசறேன். ஆமா, இங்கேயும் நல்ல மழைதான். நாளைக்கு என் சீட்டை யாருக்கும் குடுத்துடாதீங்க. காலையில வந்துடறேன்."